சேற்றுக் காய்ச்சல்

வன்னியராஜ் காசநோயில் செத்துப்போனான் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். அவன் மனைவி பிரேமாவும் அப்படித்தான் நம்பினாள். தைக்காட்டு மின்மயானத்தில் சாம்பலை வாங்கிக்கொண்டு கரமனைக்குத் திரும்பியபோது, வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரி வாசல் முழுக்க டெட்டால் தெளித்துவிட்டிருந்தாள். பிரேமாவுக்கு அதில் கோபம் வரவில்லை. புருஷனின் தலையணையையும் போர்வையையும் அன்று காலையில் அவளே பின்பக்கம் போட்டு எரித்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். வன்னியராஜ் கொத்தனார். பூச்சு வேலையில் கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன். பிரேமா கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் காய் நறுக்கப் போனாள். ஒரே மகள் அஜிதா பிளஸ் டூ படித்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் மலையாளம்.

பிரேமாவின் தம்பி பேச்சிமுத்துவும் அத்தானை ஒட்டித்தான் இந்த ஊருக்கு வந்தான். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்த ஷீஜாவைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். தொழில் என்று எதையும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் எந்த கான்ட்ராக்டரிடம் எப்போது ஆள் தேவைப்படும் என்பது அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த வருஷம் ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழை பிடித்தது விடவே இல்லை. வெளிப்பூச்சு வேலைகள் எல்லாம் நின்றன. ஆக்குளம் காயலோரத்தில் ஒரு ஃபிளாட்டுக்காக ஆழமாக வெட்டிப் போட்டிருந்த அஸ்திவாரக் குழி, மழையில் கரை சரிந்து சேறும் தண்ணீருமாக நிரம்பிவிட்டது. தண்ணீரை மோட்டார் இறைத்துவிடும். சேற்றை ஆள் இறங்கித்தான் வார வேண்டும். கான்ட்ராக்டர் பத்மகுமார் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார். பேச்சிமுத்து அத்தானைக் கூப்பிட்டான்.

போகவேண்டாம் என்று பிரேமா சொல்லிப் பார்த்தாள். வன்னியராஜுக்குச் சர்க்கரை உண்டு. இடது குதிகாலில் வெடிப்பு ஒன்று மாசக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. கொத்தனார் போய் மண்வாரவா என்று அவனுக்கே முதலில் மனசில்லை. ஆனால் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது. காலில் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு போனான். முதல் நாளே கவர் சேற்றோடு போய்விட்டது. ஒரு வாரம் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள்.

அது முடிந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் குளிர்நடுக்கம், பிறகு இருமல். பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சளியில் கிருமி ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் படத்தைப் பார்த்தால் டிபி மாதிரிதான் இருக்கிறது என்று மாத்திரை தொடங்கினார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் சூதானமாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

பிரேமா சூதானமாகத்தான் இருந்தாள். அவனுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, அறை தனி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று அஜிதாவை அந்த அறை வாசலுக்கே விடவில்லை. சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்று, அவன் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துப் போவாள். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்றார்கள். அதற்குள் அவன் எலும்பும் தோலுமாகிவிட்டான். கடைசியில் மூச்சு இழுக்கத் தொடங்கியபோது பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போன உடனே ரத்தம் எடுத்தார்கள், தொண்டையில் குழாய் வைத்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இலை எடுத்து முடித்த பிறகு, எல்லார் முன்னாலும் பிரேமா தம்பியிடம் கத்தாமல் ஒன்று சொன்னாள்.

“எம் புருஷன அந்தக் குழியில எறக்குனவன் நீதான். அந்த ஈரந்தான் நெஞ்சுல எறங்கிருச்சு. இனி என் வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது.”

பேச்சிமுத்து செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டு ஷீஜாவோடு போனக்காட்டுக்குப் போய்விட்டதாகக் காதில் விழுந்தது.

ஹோட்டலில் பிரேமாவைச் சளிப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. வேலையை விட்டு நிறுத்தவில்லை; ஆனால் உள்ளே மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவளைப் பின்முற்றத்துக்கு மாற்றி வெங்காயம் உரிக்க வைத்தார்கள். டீ கொண்டுவருகிற பெண், பிரேமாவின் டம்ளரை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆஷா என்று ஒரு டாக்டர், லேபில் வேலை பார்க்கிறவள், நேரில் வரச் சொன்னாள். ஏதோ சர்ட்டிபிகேட் விஷயமாக இருக்கும் என்று நினைத்து பிரேமா அஜிதாவிடம்கூடச் சொல்லாமல் போனாள்.

டாக்டர் ஆஷாவுக்கு முப்பது வயது இருக்கும். அம்மா நாகர்கோவில் என்பதால் தமிழ் வந்தது, இடையிடையே மலையாளத்தில் போய் விழுந்து எழுந்துவரும். பிரேமாவை உட்காரச் சொன்னாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு டிபி இல்லம்மா” என்றாள்.

பிரேமாவுக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னாள். மண்ணிலும் தண்ணீரிலும் குடியிருக்கிற கிருமிகளில் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதில் அநேகம் சாதுவானவை. சிலது செடி வேரோடு ஒட்டிக்கொண்டு செடிக்கு நல்லது செய்யும். ஒன்று வெங்காயத்துக்குள் புகுந்து அழுக வைக்கும். ஆனால் அதே குடும்பத்தில் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆளைக் கொல்வது. அடி மண்ணில் கிடக்கும். மழை பெய்து மண் ஊறினால் மேலே வரும். காலில் இருக்கிற வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். தெம்பான உடம்பு அதைப் பெரும்பாலும் தள்ளிவிடும். சர்க்கரை உள்ள உடம்புக்கு அந்தச் சக்தி கிடையாது. நெஞ்சில் போய் உட்கார்ந்தால் படத்தில் டிபி மாதிரியே தெரியும். டிபி மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மெலியாய்டோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர்.

பெயர் பிரேமாவின் வாயில் நுழையவில்லை. முதலில் பார்த்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் எடுத்தார்களே, அதில் தெரியவில்லையா என்று கேட்டாள்.

டாக்டர் மேஜையைப் பார்த்தாள். அங்கேயும் கிருமி வளர்ந்திருக்கிறது என்று சொன்னாள். ஆனால் இதன் சொந்தக்காரக் கிருமிகள் குழாய்த் தண்ணீரில்கூட இருக்கும். அதனால் லேபில் இது வளர்ந்தால், எங்கிருந்தோ தண்ணீரிலிருந்து தவறி விழுந்தது என்று நினைத்து ஒதுக்கிவிடுவது நடக்கிறதுதான். அங்கே அப்படித்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே கிருமி வளர்க்கிற தட்டை வீசாமல் இன்னும் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். காய்ந்த பூ மாதிரிச் சுருங்கிச் சுருங்கி வளர்ந்தது. வேறு ஒரு லேபுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகுதான் போன் செய்தாள்.

“அப்பவே கண்டுபிடிச்சிருந்தா?” என்று பிரேமா கேட்டாள்.

“ஊசி இருக்கு. பொழச்சிருக்கலாம். தீர்ச்சயா, உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பொழச்சிருக்கலாம்.”

பிரேமா அழவில்லை. மடியில் கிடந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் கேட்ட கேள்வி டாக்டர் எதிர்பார்க்காதது.

“அப்போ இது ஒட்டாதா?”

“ஆளுக்கு ஆள் பகராது. பக்கத்துல இருக்கிறதால ஒண்ணும் வராது.”

கடைசி ஒரு மாசம் வன்னியராஜ் அடிக்கடி அஜிதாவைக் கூப்பிட்டான். பாப்பா வாசலில் வந்து நின்றால் போதும், முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பிரேமா விடவில்லை. ஒருநாள் அவன் வியர்த்துக் கிடந்தபோது நெற்றியைத் துடைத்துவிடச் சொன்னான். அவள் துண்டைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தத் துண்டை எட்டி எடுக்க அவன் பட்ட பாடு இப்போது கண்ணில் நின்றது.

டாக்டர் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அந்தக் குழியில் வேறு யார் யார் இறங்கினார்கள் என்று கேட்டாள். வங்காளத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், வேலை முடிந்ததும் எங்கோ போய்விட்டார்கள் என்றாள் பிரேமா. பிறகு, என் தம்பியும் இறங்கினான் என்றாள்.

“அவருக்குச் சுகர் உண்டா?”

“உண்டு. மாத்திர ஒழுங்காப் போட மாட்டான்.”

சீக்கிரம் கூட்டிக்கொண்டு வாருங்கள், காய்ச்சல் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

பிரேமா அன்று ஒரே ஒரு தடவை தம்பிக்குப் போன் செய்தாள். ரேஞ்சில் இல்லை என்று வந்தது. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. போனக்காட்டில் போன் எடுக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள்.

அந்த இரண்டாம் நாள், மூட்டையிலிருந்து எடுத்த ஒரு வெங்காயம் மேலே நன்றாக இருந்தது. உரித்தபோது நடுவில் ஒரு அடுக்கு மட்டும் வழவழவென்று நழுவி, உள்ளேயிருந்த குருத்து அவள் விரல் இடுக்கில் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. இந்த மாதிரி வெங்காயத்தைத் தினமும் குறைந்தது பத்து தூக்கிப் போடுகிறவள்தான். அன்று அதைப் போட முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேல்தோல் அப்படியே இருந்தது. உள்ளே மட்டும் அழுகியிருந்தது. பேச்சிமுத்து பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமல் இலையை மூடியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துக்கத்தில் சாப்பிடவில்லை என்று அன்று நினைத்திருந்தாள். அவன் முகம் அன்றே வெளிறித்தான் இருந்தது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

நெடுமங்காடு போய், விதுரை போய், அங்கே போனக்காட்டு பஸ்ஸுக்காக வெகுநேரம் காத்திருந்தாள். மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் பஸ் பாதியில் நின்றது. மற்றவர்களோடு இறங்கி மழையில் நடந்தாள். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நின்றன. தொழிலாளிகள் குடியிருக்கிற எஸ்டேட் லயங்களில் பாதி ஆளில்லாமல் கூரை சரிந்து கிடந்தது. மிச்சமிருந்தவற்றில் ஒன்றில் ஷீஜாவின் அம்மா சரசம்மா இருந்தாள். பிரேமாவைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள்.

ஷீஜாவுக்கு நாத்தனாரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இங்கே வந்ததிலிருந்தே அவருக்குக் காய்ச்சல்தான் மதினி என்றாள். அத்தானிடமிருந்து டிபி ஒட்டிக்கொண்டது என்று அவனே முடிவு செய்துகொண்டானாம். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். லயத்துக்குப் பின்னால் முன்பு மாடு கட்டிக்கொண்டிருந்த சாய்ப்பில் தனியாகப் படுத்துக்கொண்டு, சாப்பாட்டை வெளியே வைக்கச் சொல்கிறானாம்.

பிரேமா பின்பக்கம் போனாள். சாய்ப்பின் கதவு என்பது ஒரு தகரம்தான். அதை விலக்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எக்கா, உள்ள வராத. ஒட்டிக்கிடும்.”

“ஒட்டாதுலே.”

“அத்தானுக்கு வந்ததுதான் எனக்கும். நீ போ. அஜிதாவுக்கு நீ ஒருத்திதான் இருக்க.”

பிரேமா உள்ளே போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவன் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. வலது முழங்கால் பானை மாதிரி வீங்கிப் பளபளத்தது. சேலைத் தலைப்பால் அவன் முகத்தையும் கழுத்தையும் துடைத்தாள். அப்படித் துடைக்கும்போதுதான், புருஷன் செத்த அன்றுகூட வராத அழுகை அவளுக்கு வந்தது. அக்கா தனக்காக அழுகிறாள் என்று பேச்சிமுத்து நினைத்துக்கொண்டான்.

“அத்தானுக்கு வந்தது டிபி இல்லலே. சேத்துக் காய்ச்சலாம். மருந்து இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிருக்கா. எந்திரி.”

“நாந்தான அவர எறக்குனேன்” என்றான் பேச்சிமுத்து. “நீ சொன்னது சரிதான.”

அவள் எந்திரி என்று மறுபடியும் சொன்னாள்.

லயத்து ஆட்கள் இரண்டு பேர் அவனைப் போர்வையில் வைத்து, மரம் விழுந்த இடம்வரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கு அப்பால் ஒரு ஜீப் கிடைத்தது. ரேஞ்ச் வந்ததும் பிரேமா டாக்டர் ஆஷாவுக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே ஊசி தொடங்கினார்கள். முழங்காலைத் திறந்து சீழை எடுத்தார்கள். பிறகு இன்னொரு தடவை திறந்தார்கள். ஐசியுவில் ஒரு வாரம் அவன் பிழைப்பானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஷீஜாவும் பிரேமாவும் வராந்தாவில் மாறி மாறிப் படுத்துக் கிடந்தார்கள். காய்ச்சல் ஒருநாள் இறங்கியது, மறுநாள் ஏறியது. பிறகு மெதுவாக இறங்கி நின்றது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. இனி மடங்காது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று பிரேமா ஆஷாவிடம் தனியாகக் கேட்டாள். தெரியாது என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாத பெண் என்று பிரேமாவுக்குத் தோன்றியது. அந்த இரண்டு நாளைப் பற்றித் தம்பியிடம் அவள் கடைசிவரை சொல்லவில்லை.

ஊசி முடிந்த பிறகும் மாசக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் விட்டால் திரும்ப வரும் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பிரேமா அவனையும் ஷீஜாவையும் கரமனைக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். வன்னியராஜ் கிடந்த அறையில்தான் அவனைப் படுக்க வைக்க இடமிருந்தது.

அன்று அஜிதா வாயில் துணியைக் கட்டிக்கொண்டு சமையலறையிலேயே நின்றாள். மாமாவுக்குச் சோறு கொண்டுபோ என்றால் அசையவில்லை. பிரேமா அதுவரை மகளிடம் ஒன்றும் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். இப்போது வேறு வழியில்லை. இது ஒட்டாது, பயப்படாமல் போ என்றாள்.

அஜிதா துணியை அவிழ்த்தாள்.

“அப்பாவுக்கும் இதுதானே?”

“ஆமா.”

“பின்ன எந்தினா என்னை உள்ளே விடாஞ்ஞது?”

அன்று ஏன் உள்ளே விடவில்லை என்று மலையாளத்தில்தான் கேட்டாள். அப்போது எனக்குத் தெரியாது பாப்பா என்று பிரேமா சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. அஜிதா சோற்றை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தாள். அதன் பிறகு தினமும் அப்படியே இருந்தாள். அம்மாவிடம் மட்டும் தேவைக்குமேல் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் ஆஷா மண் எடுத்துச் சோதிக்க ஆக்குளத்துக்குப் போனாள். அதற்குள் குழியில் கான்கிரீட் போட்டு மூன்று மாடி எழும்பியிருந்தது. பத்மகுமார் கெட்ட மனுஷர் இல்லை. விஷயத்தைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார், பேச்சிமுத்துவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். இனிமேல் ஆட்களுக்கு பூட்ஸ் கொடுக்கிறேன் என்றார். கால் மடங்காதவனுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்து, வேறொரு ஃபிளாட்டில் வாட்ச்மேனாகச் சேர்த்துவிட்டார். காலை நீட்டிக்கொண்டு உட்கார பேச்சிமுத்துவுக்கு ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுத்தார்கள்.

அக்கம்பக்கத்தில் யாரும் டிபி இல்லை என்பதை நம்பவில்லை. பிரேமாவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். ஹோட்டலில் அவள் டம்ளர் இன்னும் தனியாகத்தான் கவிழ்ந்து கிடந்தது.

அடுத்த வருஷ இடவப்பாதியில், கிழக்கேகோட்டைக்குப் போகிற வழியில் ஓடை அகலப்படுத்தும் வேலை நடந்தது. அஸ்ஸாமோ வங்காளமோ, ஐந்தாறு பேர் தொடையளவு சேற்றில் நின்று வாரிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ்கள் கரையில் ஜோடி ஜோடியாக இருந்தன. பிரேமா பஸ்ஸை விட்டு இறங்கிப் போய், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் தமிழில் சொன்னாள், பிறகு மலையாளத்தில் சொன்னாள். கொஞ்சம் மலையாளம் தெரிந்த ஒருவன் நிமிர்ந்து, பூட்ஸ் போட்டால் சேறு காலை இழுத்துக்கொள்கிறது சேச்சி, வேலை ஓடாது என்றான். உங்களில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டாள். அவன் மற்றவர்களிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். டீக்குச் சர்க்கரை கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மழை வலுத்தது. சூப்பர்வைசர் வந்து, வழியில் நிற்காமல் போகச் சொன்னார். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. பிரேமா குடையை விரித்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தே போனாள்.